ஏலத்தில் எடுத்த ஜீப்

போன மாதம் என் பேரன் பத்து வயதைத் தாண்டிய பொலேரோ ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினான். அகலமான டயர், கூரையின்மேல் வரிசையாக விளக்கு, முன்னால் இரும்புக் கம்பி என்று மாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். "ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தாயா?" என்று கேட்டேன். "தாத்தாவுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்பதுபோல் பார்த்தான். எனக்கு ஒரே ஒரு வண்டியைப் பற்றித்தான் தெரியும். அதையே அவனுக்குச் சொன்னேன்.

நம் நாட்டு ஜீப்பின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி 1941-இலிருந்து இதைச் செய்து தள்ளியது. இங்கே 1945-இல் மகீந்திரா சகோதரர்கள் குலாம் முகமது என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் மகீந்திரா அண்டு முகமது. பிரிவினை வந்தது, குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலாகவே ஆனார். இங்கே கம்பெனியின் பெயர் மகீந்திரா அண்டு மகீந்திரா என்று மாறியது. 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். தாசில்தார், பி.டி.ஓ., மலேரியா ஒழிப்பு, போலீஸ் என்று சர்க்கார் எங்கே போனாலும் ஜீப்பில்தான் போயிற்று.

அவை பெட்ரோல் வண்டிகள். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் எல்லோருக்கும் டீசல் ஆசை வந்தது. 1979-இல் மகீந்திரா பிரான்சின் பெஜோ கம்பெனியிடம் ஒரு டீசல் எஞ்சினுக்கு உரிமம் வாங்கியது. அதன் பெயர் எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2112 சி.சி. அமெரிக்க உடம்புக்குப் பிரெஞ்சு எஞ்சின். புதுச்சேரிக்காரனான எனக்கு இதில் ஒரு சின்னக் கர்வம் உண்டு.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு எம்.எம். 540 இருந்தது. லாக் புக்கைப் பார்ப்பது என் மேசையின் வேலை. 1995 கோடையில் அது சூடேறி வழியில் நின்றுவிட்டது. வெளிப் பட்டறையில் ஹெட் கேஸ்கெட் மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் நின்றது. மறுபடியும் கேஸ்கெட், மறுபடியும் பில். மூன்றாவது முறை எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு வந்தது. "சார், ரேடியேட்டர்ல தண்ணி ஓடலை, அதைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்று ஓட்டுநர் என் மேசைக்கு இரண்டு முறை வந்து சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. "பழுதுபார்ப்பது சிக்கனமன்று" என்று குறிப்பு வைத்தேன். வண்டியைச் சூடேறவிட்டு ஓட்டியதற்காக ஓட்டுநருக்கு ஒரு மெமோ போயிற்று. அதன் வரைவும் என் கையெழுத்துதான். அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மறு வருடம் வண்டி ஏலத்துக்கு வந்தது. பாகூரில் விவசாயம் பார்க்கும் என் மச்சான் 28,500 ரூபாய்க்கு எடுத்தார். நான் அன்று விடுப்பு. ஏல இடத்துக்கே போகவில்லை. ஆனால் வண்டியை அவர் நேராக என் வீட்டு வாசலுக்குத்தான் இழுத்துவந்தார். "மாமா, நீங்க எழுதின வண்டி, நீங்களே வழி சொல்லுங்க" என்றார். பெயின்ட் அடித்து, புதுப் படுதா போட்டு, பெரிய ஹாரன் வைப்பதாக அவர் திட்டம்.

அடுத்த வீட்டில் ஒரு சொல்தா பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் அல்ஜீரியாவில் ஜீப் ஓட்டியவர். பிரான்சிலும் வில்லிஸ் உரிமத்தில் ஓச்கிஸ் என்ற கம்பெனி ஜீப் செய்தது. அவர் ஓட்டியது அது. கைத்தடியோடு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல நிக்கணும், அப்புறம் திரும்பணும், அப்புறம் ஓடணும். அழகு கடைசியில" என்றார். அந்த வரிசையிலேயே போனோம்.

நாலு சக்கரத்திலும் டிரம்மைக் கழற்றினோம். இரண்டு வீல் சிலிண்டரில் எண்ணெய் கசிந்து லைனிங் ஊறிக் கிடந்தது. ரப்பர், லைனிங், பிரேக் ஆயில் எல்லாம் புதிது. அடுத்து ஸ்டியரிங். சக்கரம் அசையாமலே கைக்குக் கால் சுற்று ஆட்டம் இருந்தது. டை ராடு எண்டுகளை மாற்றியதில் பாதி குறைந்தது. எஞ்சின், கியர் பெட்டி, முன் அச்சு, பின் அச்சு அனைத்திலும் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினோம். முன் அச்சில் வந்தது எண்ணெயே அல்ல, சேறு.

பிறகு ரேடியேட்டர். மேல் தொட்டியைப் பிரித்துப் பார்த்தால் குழாய்களில் பாதிக்கு மேல் செந்துரு அடைத்திருந்தது. வருடக்கணக்காகப் போர்த் தண்ணீர் ஊற்றியதன் பலன். ஓட்டுநர் சொன்னது அப்படியே கண்முன் இருந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எஞ்சினைத் திறக்குமுன் பாரிசில் இருக்கும் பள்ளித் தோழனுக்கு எழுதினேன். இதே எஞ்சின் பிரான்சில் பெஜோ 504 காரில் ஓடியது. அதன் பட்டறை நூலிலிருந்து நாற்பது பக்கம் நகல் எடுத்து அனுப்பினான். பள்ளியில் கோர்னேயும் ரசீனும் படித்த எனக்கு இந்தப் பிரெஞ்சு புதிது. ஹெட்டுக்குக் குலாஸ். லைனருக்குச் செமீஸ், அதாவது சட்டை. நம் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்பதற்குப் பூழி, அதாவது மெழுகுவத்தி. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்து தமிழில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

ஹெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது. வளைந்த ஹெட்டின் கீழ் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் நிற்காது. முந்தைய பட்டறையில் யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. லேத்தில் கொடுத்து முகம் சீவி வாங்கினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக முறுக்கி, ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு மறுபடியும் முறுக்கினோம். யாரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட், புது ஓஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம். எஞ்சின் மாற்ற வந்த மதிப்பீட்டில் அது கால் பங்குகூட இல்லை.

பட்டை ஸ்பிரிங்கையும் டயரையும் மறு அறுவடைக்குப் பிறகுதான் தொட்டார்கள். அதற்கும் பிறகு படுதா, பெல்ட், இரண்டு பக்கக் கண்ணாடி. ஹாரன் மட்டும் மச்சான் எனக்குத் தெரியாமல் முதல் மாதமே வைத்துவிட்டார்.

வண்டி தயாரானதும் அந்த ஓட்டுநரைத் தேடிப்போனேன். ஓய்வுபெற ஒரு வருடம் பாக்கி. ஓர் அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியேட்டரில் பார்த்ததைச் சொன்னேன். மெமோவை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். "தெரியும் சார், உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "இப்ப வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு பாகூருக்கு அழைத்துப்போனேன். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, விரலை விட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். மச்சான் சாவியை நீட்டினார். ஏரிக்கரை மேல் ஒரு தடவை போய்த் திரும்பிவந்து, "மூணாவது கியர்ல இன்னும் அந்தச் சத்தம் இருக்கு சார்" என்றார்.