ஏலச்செடி போல நிழலே போதும்... வீட்டுக்குள் வளரும் குட்டிப் பனை!

போடிநாயக்கனூர்ல இருந்து போடிமெட்டு ஏறும்போது ஏலத்தோட்டங்களைப் பார்த்திருப்பீங்க. பெரிய மரங்களின் நிழலில்தான் ஏலம் செழிக்கும். பார்லர் பாமும் அதே ரகம்தான். மெக்சிகோ, குவாத்தமாலா மழைக்காடுகளில் மர நிழலில் வளரும் குட்டிப் பனை இது.

மெதுவாக வளர்ந்து, 2 முதல் 3 மீட்டர் வரைதான் உயரும். வெளிச்சமான ஜன்னல் பக்கம் வைங்க. நேரடி வெயில் பட்டால் இலை கருகிடும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊத்துங்க. தேங்கினால் வேர் அழுகும். நாய், பூனை கடித்தாலும் விஷமில்லை.

ஒரு விஷயம்... மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வளரும் வரைக்கமுகு அழகா இருக்கேன்னு பிடுங்கிடாதீங்க. அழியும் ஆபத்தில் இருக்கும் பனை அது. மலையில் இருப்பது மலையிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு நர்சரிக் கன்று போதும்!