517 எப்படி 9 ஆனது? லிட்டில் ராக் பள்ளிக் கணக்கு

'லிட்டில் ராக் ஒன்பது பேர்' என்றால் அமெரிக்க வரலாறு கொஞ்சம் படித்தவர்களுக்குக் கூடத் தெரியும். 1957 செப்டம்பரில், ஆர்கன்சா மாநிலத் தலைநகரில், வெள்ளையர்கள் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் ராணுவப் பாதுகாப்போடு நுழைந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள். அந்தப் புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆனா ஏன் சரியா ஒன்பது? ஐம்பதோ நூறோ ஏன் இல்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் கட்டடங்கள். சென்ட்ரல் பள்ளி 1927ல் சுமார் 15 லட்சம் டாலர் செலவில் திறக்கப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, கறுப்பின மாணவர்களுக்கான டன்பார் பள்ளி சுமார் 4 லட்சம் டாலரில் வந்தது. அதற்கும் வெளியிலிருந்து ரோசன்வால்ட் நிதியம் கைகொடுக்க வேண்டியிருந்தது. தனித்தனி, ஆனால் சமம் என்று சட்டம் சொன்ன காலம் அது. எவ்வளவு சமம் என்பதை இந்த இரண்டு தொகைகளே சொல்லிவிடும்.

1954ல் பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. லிட்டில் ராக் கல்விக் கண்காணிப்பாளர் வர்ஜில் பிளாசம் அதற்கு ஒரு திட்டம் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது, 1957ல் உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பிப்பது என்பது ஏற்பாடு.

இப்போ கணக்குக்கு வருவோம். சென்ட்ரல் பள்ளியின் எல்லைக்குள் வசித்து, அங்கே சேரத் தகுதி பெற்ற கறுப்பின மாணவர்கள் 517 பேர். விருப்பம் தெரிவித்தவர்கள் 80 பேர். இங்கேதான் சல்லடை. சேருகிறவர்கள் விளையாட்டு அணி, பாடகர் குழு, நடன விருந்து எதிலும் கலந்துகொள்ள முடியாது என்று சொல்லப்பட்டது. படிப்பு, நடத்தை எல்லாம் பார்த்துப் பார்த்து வடிகட்டினார்கள். மிஞ்சியது 17 பேர். அதிலும் எட்டுப் பேர் கறுப்பினப் பள்ளியான ஹோரஸ் மானிலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்தார்கள். மீதி ஒன்பது. ஆக, வாசலில் கூட்டம் கூடுவதற்கு முன்னாடியே, காகிதத்திலேயே 500க்கும் மேற்பட்டவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 1957ல் நகரின் மேற்கே, வசதியான வெள்ளையர்கள் வசித்த பகுதியில், ஹால் உயர்நிலைப் பள்ளி புதிதாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு கறுப்பின மாணவர் கூட அனுப்பப்படவில்லை. நகரத்தின் முடிவுகளை எடுத்த குடும்பங்களில் பலவற்றின் பிள்ளைகள் அங்கே போனார்கள். சேர்ந்து படிக்கும் சோதனை உழைக்கும் வர்க்க வெள்ளையர்கள் நிறைந்த சென்ட்ரல் பள்ளியின் தலையில் விழுந்தது. அவர்களின் கோபத்தில் இனவெறியோடு இந்த வர்க்கக் கசப்பும் கலந்திருந்தது. இதைச் சொல்வது அவர்கள் செய்ததை நியாயப்படுத்த இல்லை.

சென்ட்ரலில் ஏறக்குறைய 2,000 வெள்ளை மாணவர்கள். அதில் ஒன்பது பேர் ஒன்றாக இருந்திருந்தால் பரவாயில்லை. பெரும்பாலான வகுப்புகளில் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். ராணுவ வீரர் வகுப்பறை வாசல் வரைதான் வர முடியும், உள்ளே வர முடியாது. 1958 பிப்ரவரியில் மினிஜீன் பிரவுன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, 'ஒண்ணு போச்சு, இன்னும் எட்டு' என்ற பொருளில் அட்டை அச்சடித்து மாணவர்கள் விநியோகித்தார்கள். அவர்களும் கணக்கு வைத்துத்தான் இருந்தார்கள். அந்த மே மாதம் பட்டம் பெற்ற 602 பேரில் கறுப்பினத்தவர் ஒரே ஒருவர், எர்னெஸ்ட் கிரீன். விழாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார்.

அடுத்த வருஷம் எண்ணிக்கை பூஜ்யம். 1958 செப்டம்பரில் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். அதே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 19,470 பேர் மூடலை ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் 7,561 பேர். 3,665 மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. ஒப்பந்தம் இருந்ததால் ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து காலி வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை மாணவர்களில் பெரும்பாலோர் தனியார் பள்ளி, வெளியூர் உறவினர் வீடு என்று ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கறுப்பின மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை. வரலாற்றில் இதற்கு 'தொலைந்த ஆண்டு' என்று பெயர். யாருக்கு எவ்வளவு தொலைந்தது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

1959ல் பள்ளி மீண்டும் திறந்தது. 1960ல் அந்த ஒன்பது பேரில் கார்லாட்டா வால்ஸ், ஜெபர்சன் தாமஸ் இருவரும் சென்ட்ரலில் பட்டம் பெற்றார்கள். பின்னாளில் அதே பள்ளியில் கறுப்பின மாணவர்களே பெரும்பான்மை ஆனார்கள். 1998ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டாலும், இன்றும் அங்கே பாடம் நடக்கிறது.

ஒரு பள்ளியின் மாணவர் விவரப் பட்டியலைப் பார்க்கும்போது, உள்ளே எத்தனை பேர் என்றுதான் நாம் முதலில் எண்ணுகிறோம். லிட்டில் ராக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு அந்த 517தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒன்பது பேரின் பெயர்கள் நமக்குத் தெரியும். மற்ற 508 பேரும் அதே ஊரில், அதே வருஷம், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள்தான்.