ஏழாம் மாத அரிப்பும் உருக்கெண்ணெயும்

ஏழாம் மாதம். வயிறு முன்னால் வந்துவிட்டது. தோல் இழுபட்டு ஒரே அரிப்பு. சொறிந்தால் கொஞ்சம் சுகம். கண்ணாடியில் பார்த்தால் சிவப்பாகக் கோடுகள். இது ஏன் வருகிறது என்று இன்றைய கர்ப்பிணிகள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய சரக சம்ஹிதையில் இதற்காக ஒரு விவாதமே நடந்திருக்கிறது!

சுவாரஸ்யமான விவாதம் அது. வயிற்றுக்குள் குழந்தைக்கு முடி முளைக்கிறது, அதனால்தான் தாய்க்கு எரிச்சல் என்பது பெண்களின் கட்சி. அதெல்லாம் இல்லை என்று மறுக்கிறார் குருவான ஆத்ரேயர். கரு வளர்ந்து அழுத்துவதால் வாதம், பித்தம், கபம் மூன்றும் மார்புப் பக்கம் தள்ளப்படுகின்றன; அதனால் எரிச்சல், எரிச்சலால் அரிப்பு, அரிப்பால் கோடு என்பது அவருடைய கணக்கு. காரணத்தில்தான் சண்டை. வைத்தியம் ரொம்ப சாது. சந்தனத்தையும் தாமரைத் தண்டையும் அரைத்து வயிற்றிலும் மார்பிலும் பூச வேண்டும். முக்கியமாக, சொறியக் கூடாது.

கிட்டத்தட்ட அதே காலகட்டத்தில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், ரோமாபுரியில் சொரேனஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். பெண்கள் மருத்துவத்துக்கென்றே புத்தகம் எழுதியவர். அவரும் கர்ப்பிணியின் வயிற்றுத் தோல் வெடிக்காமல் இருக்க ஒரு பூச்சு சொல்கிறார். எதில் செய்தது? பழுக்காத ஆலிவ் காயின் எண்ணெயில்!

ஆக, அவரவர் ஊரில் எது விளைகிறதோ அது மருந்து. அப்படியானால் தென்னை விளைகிற ஊரில்?

குழித்துறைக்கு வாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர். (திருநெல்வேலி தாமிரபரணி வேறு, இது வேறு.) விளவங்கோடு தாலுகாவின் தலைநகர். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர் பக்கம். அதன் பிறகு தமிழ்நாடு. ராஜ்ஜியம் மாறியது, ஆபீஸ் மொழி மாறியது. அடுக்களையில் உருளி மட்டும் அசையவில்லை. அதில் காய்ச்சுவதுதான் உருக்கெண்ணெய்.

செக்கில் ஆட்டுகிற எண்ணெய்க்குக் கொப்பரை வேண்டும். இதற்குப் பச்சைத் தேங்காய். நன்றாக விளைந்த காயைத் துருவி, பிழிந்து, கெட்டிப்பால் எடுத்து, உருளியில் ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் வற்றும். பால் திரியும். கசடு பொன் நிறமாகும்போது மேலே தெளிந்த எண்ணெய் மிதக்கும். உடனே இறக்கி வடிகட்ட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். வாசனையே சொல்லிவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிறந்த குழந்தைக்கும் இதுதான் எண்ணெய். குளிக்கும்போது அரைத்த சிறுபயறு மாவு. அவ்வளவுதான் மொத்த 'பியூட்டி பார்லரும்'!

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா?

கோடு விழாமல் தடுக்குமா என்றால், நம்பிக்கை வைக்காதீர்கள். 2012-ல் காக்ரேன் அமைப்பு ஆறு சோதனைகளைச் சேர்த்து அலசியது. மொத்தம் 800 பெண்கள். ஆலிவ் எண்ணெய், கோகோ வெண்ணெய் உட்பட எந்தப் பூச்சும் கோடுகளைத் தடுப்பதாக நிரூபணமாகவில்லை. தேங்காயெண்ணெய் அந்தச் சோதனைகளில் இல்லை. ஆனால் கோடு விழும் இடம் தோலின் உள்ளடுக்கு. மேலே தடவுகிற எண்ணெய்க்கு அங்கே பெரிதாக வேலையில்லை. வறட்சியும் அரிப்பும் அடங்கும். அந்த நேரத்தில் அது என்ன சின்ன விஷயமா? முகத்தில் வருகிற மங்கும் வயிற்றின் நடுவே ஓடும் கறுப்புக் கோடும் ஹார்மோன் வேலை; பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாக மங்கும். போட்டுத் தேய்க்க வேண்டாம். குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் வெறும் ஆசைதான். நிறம் அப்பா, அம்மாவின் மரபணுவில் இருக்கிறது, பால் டம்ளரில் இல்லை.

ஆனால் பாட்டிகளை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 2006-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர்கள், இந்த 'முடி முளைத்தால் எரிச்சல்' கதையைப் பொய்யென்று காட்டிவிடலாம் என்று 64 கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு முடி அடர்ந்த குழந்தை! ஹார்மோன் இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். சின்ன ஆய்வுதான். இருந்தாலும், ஆத்ரேயர் மறுத்த பெண்களின் பேச்சுக்கு இத்தனை காலம் கழித்து ஒரு சாட்சி கிடைத்தது பாருங்கள்.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். காயத்துக்கு மஞ்சள் வைப்பது எங்கள் கண்டுபிடிப்பு என்று 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை எடுத்துப் போட்டு வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எல்லோரும் கை தட்டினோம். நம்ம மஞ்சளை நாம் காப்பாற்றிவிட்டோம்! ஆனால் ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது.

வங்கதேச கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. எங்கிருந்து வந்தது? தேடிப் போனால் கையும் களவுமாகப் பிடிபட்டது மஞ்சள். 1980-களில் ஒரு வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளை விற்க, லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசியிருக்கிறார்கள். ஜனங்களுக்குப் பளபளப்பு பிடித்துப்போனது, பழக்கம் நிலைத்துவிட்டது. 2019-ல் ஆய்வு வெளியானதும் அரசு சோதனை, அபராதம் என்று இறங்கியது. அந்த வருடம் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம், 2021-ல் பூஜ்ஜியம்!

ஈயம் தோல் வழியாக அதிகம் இறங்காது. வாய் வழியாகத்தான் போகும். ஆனால் முகத்துக்குப் பூசுகிற பாக்கெட்டும் குழம்பில் போடுகிற பாக்கெட்டும் பல வீடுகளில் ஒன்றுதானே? தாயின் ரத்தத்தில் ஏறிய ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி குழந்தையின் மூளை வரை போகும். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் பளிச்சென்று எதையாவது நீட்டினாலும் யோசியுங்கள். அசல் கஸ்தூரி மஞ்சளின் உள்பக்கம் வெளிறிய நிறம்தான்.

பாட்டியின் பக்குவம் பத்திரமாக இருந்ததற்கு மூலிகையின் மகிமை மட்டும் காரணமில்லை. தேங்காய் எந்த மரத்தில் விழுந்தது, மஞ்சள் எந்தப் பாத்தியில் கிளைத்தது என்று அவளுக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தது கவரின் மேல் அச்சடித்த 'இயற்கை' என்ற வார்த்தை.

வருடா வருடம் ஆடி அமாவாசையை ஒட்டி குழித்துறையில் வாவுபலி பொருட்காட்சி நடக்கும். செடியும் கன்றுமாக வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். நீங்கள் எந்த ஊராக இருந்தாலும் சரி, ஒரு மஞ்சள் கிழங்கைத் தொட்டியில் புதைத்து வையுங்கள். பத்து மாதத்தில் தோண்டலாம். கர்ப்பம் போலவே!

இன்னொன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரியில் அரித்தால் எண்ணெயைத் தேடாதீர்கள். ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தைக்கே ஆபத்தாக முடியலாம். விடிந்ததும் முதல் வேலை, டாக்டர். உருளி அப்புறம்.