பர்மிங்காம் நகர மன்றத்தின் நிலக் கொள்முதல்: 1851 முதல் 1904 வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மிங்காம் நகர மன்றம் செலவு என்றாலே அஞ்சியது. 1851ஆம் ஆண்டுச் சட்டம் சாலை, வடிகால் அதிகாரங்களை மன்றத்திடம் ஒப்படைத்திருந்தது. ஆனால் ஜோசப் ஆல்டே தலைமையிலான சிக்கன அணியினருக்கு, வரி உயராமல் பார்த்துக்கொள்வதே நிர்வாகம். உட்மன் என்னும் மதுக்கடையில் கூடிப் பேசி மன்றத்தின் போக்கைத் தீர்மானித்த அவர்கள் காலத்தில், நகரப் பொறியாளர் பிகட் ஸ்மித் 1857இல் பதவி இழந்தார். அதே மன்றம் நூற்றாண்டு முடிவதற்குள் வேல்ஸ் மலைகளில் சுமார் 45,000 ஏக்கர் நீர்ப்பிடிப்பு நிலத்தைத் தன்வசமாக்க முனைந்தது. ஒரு கொள்முதல் தந்த வருவாயும் துணிவும் அடுத்த கொள்முதலுக்கு வழி திறந்ததே இம்மாற்றத்தின் அடிப்படை. ஆனால் விற்பதற்குச் சொத்து இல்லாத வாடகைக் குடியினர், இந்த வளர்ச்சியின் எந்தக் கட்டத்திலும் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மாற்றத்துக்கான மனநிலையை முதலில் உருவாக்கியவர்கள் ஜார்ஜ் டாசன், ஆர்.டபிள்யூ. டேல் போன்ற சமயப் போதகர்கள். நகரப் பணியைச் சமயக் கடமையாகவே அவர்கள் போதித்தனர். அதைக் கேட்டு வளர்ந்த தொழிலதிபர்களில் ஒருவர், திருகாணித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஜோசப் சேம்பர்லின். அவர் 1873 நவம்பரில் மேயரானார்.

அவர் முதலில் கைவைத்தது எரிவாயு. நகரில் இயங்கிய இரண்டு தனியார் எரிவாயு நிறுவனங்களையும் ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கும் திட்டத்தை 1874 ஜனவரியில் மன்றத்தின் முன் வைத்தார். ஆதரவு 54, எதிர்ப்பு 2. மறு ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் கிடைத்தது. முதல் ஆண்டு லாபம் 34,000 பவுண்டு. எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். கடன் என்றால் சுமை மட்டுமே என்ற பழைய அணியின் வாதம் இந்த ஓர் எண்ணால் வலுவிழந்தது.

குடிநீரில் அவர் வேறு நெறியைப் பின்பற்றினார். 13.5 லட்சம் பவுண்டு கொடுத்துத் தண்ணீர் நிறுவனம் வாங்கப்பட்டு, 1876இல் மன்றத்தின் கைக்கு வந்தது. எரிவாயுவில் லாபம் பார்க்கலாம், தண்ணீரில் பார்க்கக் கூடாது என்றார் சேம்பர்லின். கழிவு கலந்த கிணறுகளை நம்பிப் பெருந்திரள் மக்கள் வாழ்ந்த ஊரில் இது வெறும் கணக்கு வேறுபாடு அன்று. அவருடைய முடிவுகளிலேயே உயர்ந்தது இதுதான் என்பது என் மதிப்பீடு.

நிலத்தில் அந்த நெறி நிற்கவில்லை. உள்துறை அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ் கொண்டுவந்த 1875ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு மேம்பாட்டுச் சட்டம், சுகாதாரக் கேடான பகுதிகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்த மன்றங்களுக்கு அதிகாரம் அளித்தது. முதுகோடு முதுகு ஒட்டிய சிறு வீடுகளும் காற்றோட்டமற்ற முற்றங்களும் நெருங்கிய 93 ஏக்கர் பரப்பை மன்றம் திட்ட எல்லையாக வரைந்தது. விலை ஏறுமுன் மனைகளை வாங்கிப்போடத் திரட்டிய நிதிக்குச் சேம்பர்லின் தம் சொந்தப் பணம் 10,000 பவுண்டு கொடுத்தார். ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு திட்டம் இது. வாங்கிய நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது என்ற முடிவு தொலைநோக்குடையது: உயரும் நிலமதிப்பு இறுதியில் நகரத்துக்கே திரும்பும்.

1878இல் இடிப்பு தொடங்கியது. கார்ப்பரேஷன் தெரு எழுந்தது. கிராண்ட் தியேட்டர், லூயிஸ் பேரங்காடி, நீதிமன்ற வளாகம் எல்லாம் வந்தன. வீடு இழந்த தொழிலாளிக்கு வீடு மட்டும் வரவில்லை. கட்டுவது தனியார் வேலை என்று மன்றம் ஒதுங்கியது. தனியாருக்கோ அந்த விலையுள்ள மண்ணில் ஏழைக்கு வீடு கட்ட ஆர்வமில்லை. ரைடர் தெருவில் மன்றம் தானே 22 வீடுகளை முதன்முதலாகக் கட்டியபோது 1890 ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருப்பு என்று பெயரிலேயே சொன்ன சட்டத்தின்கீழ் அதுவரை இவ்வளவுதான் கிடைத்தது. அதற்கு முன்பே, 1885இல், எரிவாயு அலுவலகத்தின் மேல்தளத்தில் எரிவாயுக் குழுவின் பணத்தில் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் திறக்கப்பட்டிருந்தன. எனவே பணப் பற்றாக்குறையைக் காரணமாகச் சொல்ல முடியாது. மன்றம் எதை முதலில் நினைத்தது என்பதுதான் கேள்வி.

அடுத்த கொள்முதல் மீண்டும் தண்ணீருக்காக: 1892ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸில் உள்ள எலான் பள்ளத்தாக்கைப் பர்மிங்காமுக்கு அளித்தது. பொறியாளர் ஜேம்ஸ் மான்சர்க் வடிவமைத்த 73 மைல் நீர்வழியில், பம்பு எதுவுமின்றி, நிலத்தின் சரிவாலேயே தண்ணீர் நகரை அடைகிறது. ஓட்டம் மணிக்கு இரண்டு மைலுக்கும் குறைவு. வந்து சேர ஒன்றரை நாள் பிடிக்கும். 1904 ஜூலை 21 அன்று ஏழாம் எட்வர்டு மன்னர் அதைத் தொடங்கிவைத்தார். பொறியியலில் இது வியக்கத்தக்க சாதனை. இன்றும் நகரம் அந்த நீரைக் குடிக்கிறது.

நீரைத் தேக்கக் கட்டிய அணைகளுக்காக நூற்றுக்கும் மேற்பட்டோர் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பண்ணைகள், பள்ளி, தேவாலயம் ஆகியவை நீரில் மூழ்கின. மூழ்கிய தேவாலயத்துக்குப் பதிலாக மன்றம் புதிய தேவாலயம் கட்டிக் கொடுத்தது. இழப்பீடு நிலவுடைமையாளர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.