அன்பளிப்பு நின்றபோது

2021 ஜனவரி 28ஆம் திகதி, இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த 5 இலட்சம் கோவிசீல்ட் தடுப்பூசிகள் கட்டுநாயக்கவில் வந்து இறங்கின. ஒரு கிழமைக்கு முதல் நேபாளத்துக்கு 10 இலட்சமும் பங்களாதேஷுக்கு 20 இலட்சமும் போயிருந்தன. எல்லாமே புனேயிலுள்ள சீரம் நிறுவனம் செய்தவை. வறிய நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கவேண்டும் என்று 2020இல் தொடங்கிய கோவக்ஸ் திட்டமும் பெரும்பாலும் அதே நிறுவனத்தைத்தான் நம்பியிருந்தது. மற்ற இடங்களில் செய்தவற்றில் பெரும்பகுதியைப் பணக்கார நாடுகள் முற்கூட்டியே வாங்கி வைத்துவிட்டன.

மார்ச்சில் இந்தியாவில் இரண்டாவது அலை எழும்பியது, ஏற்றுமதி நின்றது. தன்ர சனம் சாகும்போது எந்த நாடும் அதைத்தான் செய்யும். அது எங்களுக்கு விளங்குது. ஆனால் முதல் ஊசி போட்ட எங்கட சனமும் நேபாளத்து முதியவர்களும் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே ஜூலை கடைசியில், யப்பான் கோவக்ஸ் ஊடாக அனுப்பிய ஊசிகள் வந்த பிறகுதான் பலருக்கு அது கிடைத்தது.

புனேயில் ஊசி செய்ய முடிந்ததே அஸ்ட்ராசெனகா உரிமம் கொடுத்ததால்தான். அப்படியான உரிமம் இன்னும் பல தொழிற்சாலைகளுக்குக் கிடைத்திருந்தால்? 2020 ஒக்டோபரிலேயே இந்தியாவும் தென்னாபிரிக்காவும் அறிவுசார் சொத்துரிமையைத் தற்காலிகமாக விலக்கும்படி உலக வர்த்தக நிறுவனத்தில் கேட்டன. 2022 ஜூனில்தான் முடிவு வந்தது, அதுவும் தடுப்பூசிக் காப்புரிமைக்கு மட்டும்.

உதவி வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்ல. எத்தனை ஊசி தந்தார்கள் என்பதோடு, அதைச் செய்யும் வழியை எத்தனை பேருக்குத் திறந்துவிட்டார்கள் என்றும் கேட்போம்.