குறுங்கால அயல்நாட்டு ஊழிய ஆயத்தம்: இலுப்பூர் வட்டாரம்

குறுங்கால அயல்நாட்டு ஊழியம் என்பது, கிறிஸ்தவச் சபை ஒன்றின் சார்பில் ஒருவர் சில வாரம் முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை வேறொரு நாட்டில் தங்கிச் செய்யும் சமயப் பணி. பிரசங்கம் மட்டும்தான் ஊழியம் என்பதில்லை. பள்ளியில் பாடம் சொல்வது, மருத்துவமனையில் உதவுவது, கட்டட வேலை, பாட்டு, சிறுவர்க்கான விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.), புத்தக விற்பனை எல்லாமே இதில் சேரும். ஆயுள் முழுவதற்கும் போகிறவருக்கு மொழியும் ஊரும் பழக ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு. குறுங்காலத்துக்குப் போகிறவருக்கு அது கிடையாது. அவருடைய ஆயத்தம் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே முடிந்தாக வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே, அன்னவாசலுக்கும் சித்தன்னவாசலுக்கும் பக்கத்தில் இருப்பது இலுப்பூர். வட்டத் தலைமையிடமான பேரூராட்சி இது. ஊழியர்களை அயல்நாட்டுக்கு அனுப்பிய வட்டாரமாக அல்ல, அயல்நாட்டு ஊழியர்கள் வந்து தங்கிய வட்டாரமாகவே வரலாறு இதை அறிகிறது. வருகிறவர்கள் எப்படித் தயாராகி வர வேண்டும் என்பதை வரவேற்ற பக்கத்திலிருந்து பார்த்த ஊர்கள் இவை. அந்த அனுபவம் இன்று புறப்படுகிறவருக்கு எந்தக் கையேட்டையும்விடப் பயன்படும்.

ஆவூரும் மதுரை மிஷனும்

இலுப்பூருக்கு வடக்கே, திருச்சி போகும் திசையில் உள்ள ஆவூர், இயேசு சபையின் மதுரை மிஷனில் முக்கியமான நிலையம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான புஷே சுவாமி இங்கே பணி செய்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சாகிப் பலரால் படிக்கப்பட்டன. வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியவர். இப்போதுள்ள பெரியநாயகி மாதா ஆலயம் அவர் இறந்த 1747ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இவர்களில் எவரும் குறுங்காலத்துக்கு வந்தவர் அல்லர். லிஸ்பனில் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கோவா வந்துசேரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். வழியிலேயே காய்ச்சலில் இறந்தவர்களும் உண்டு. வந்தபின்தான் உண்மையான ஆயத்தம் தொடங்கியது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தமிழோடு நிற்காமல் வடமொழியும் தெலுங்கும் கற்றார், புலால் விட்டார், காவி உடுத்தார், மரக்கட்டைச் செருப்பு அணிந்தார். 1640 முதல் பண்டாரச்சாமிகள் என்ற பெயரில் இன்னொரு வகைத் துறவிகள் உருவாயினர். உயர்குலத்தார் மட்டுமன்றி எளிய குலத்தாரும் தயங்காமல் அணுக முடிந்தவர்கள் இவர்கள். சாதியை இப்படி அனுசரித்துப் போனது சரிதானா என்ற வழக்கு ரோம் வரை போனது. அதைப் பற்றிய விவாதம் இன்றும் தீரவில்லை. ஆனால் ஊர் தனக்காக மாறட்டும் என்று காத்திராமல், தானே மாறிக்கொள்வதும் ஆயத்தத்தில் அடக்கம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாதவர்கள் உபதேசியார்கள். ஒரு சுவாமி பல ஊர்களைச் சுற்றவேண்டியிருந்ததால், சில ஊர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே பெரிது. மீதி நாளெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர்களும், நோயாளியைப் பார்த்தவர்களும், சண்டை தீர்த்தவர்களும் உள்ளூர்த் தமிழர்களே. சில வாரம் மட்டும் தங்கப்போகிறவர் தம்மைப் புஷே சுவாமியோடு ஒப்பிட்டுக்கொள்வது வீண். போகிற இடத்து உபதேசியார் யார், அவருக்கு என்ன தேவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதி ஆயத்தம் முடிந்தது.

மொழியைப் புறப்படும் முன்பே கற்றவர்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்குப் பின் வந்த சுவார்ட்சின் கதை வேறு. தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த மிஷனெரி ஷூல்ட்ஸ், ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்சுப் பணிக்கு ஆள் தேடியபோது, அதற்காகத் தமிழ் கற்றவர் சுவார்ட்ஸ். 1750 ஜூலை இறுதியில் தரங்கம்பாடி வந்தவர், அதே ஆண்டு நவம்பரில் தமிழில் பிரசங்கம் செய்தார். பின்னர் திருச்சியிலும் தஞ்சையிலும் வாழ்ந்து 1798இல் மறைந்தார். புறப்படும் முன் கற்ற மொழி எத்தனை ஆண்டைச் சேமிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

குறுங்காலமாக நினைத்து வந்து நீண்ட பணியில் முடிந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்கு உதவ 1890இல் திண்டிவனம் வந்த ஐடா ஸ்கட்டருக்கு இங்கே தங்கும் எண்ணமே இருக்கவில்லை. ஆண் மருத்துவரை அனுமதிக்காத வீடுகளில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததை அறிந்தபின் மனம் மாறினார். மாறிய உடனே அவர் ஊழியம் தொடங்கிவிடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். திரும்பிப்போய், 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்பின் வேலூர் வந்தார்.

தமிழர் அனுப்பிய ஊழியம்

1900ஐ ஒட்டி, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் கடல்தாண்டித் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிவந்தார்கள். 1902இல் யாழ்ப்பாணம் சென்ற தமிழ்க் கிறிஸ்தவத் தலைவர் வி. எஸ். அசரியாவுக்கு அந்த முயற்சி உறைத்தது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காணிக்கை என்பது அதன் கொள்கை. அது தேர்ந்தெடுத்த களம் நிஜாம் அரசின் தோர்ணக்கல். அங்கே போன தமிழருக்குத் தெலுங்கும் அயல்மொழிதான். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியபோது, மேல்நாட்டு மிஷனெரிகளிடம் அவர் கேட்டது தியாகத்தையோ பணத்தையோ அல்ல, நட்பை. தமிழர்கள் இன்று நேபாளத்துக்கோ கென்யாவுக்கோ போகும்போது அந்த வேண்டுகோள் தம்மை நோக்கித் திரும்பிவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

குறுங்கால ஊழியம் ஒரு தனி முறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில். 1960இல் தொடங்கிய ஒய்வாம் (யூத் வித் எ மிஷன்) இயக்கம், சில மாதப் பயிற்சியையும் வெளியூர்ப் பணியையும் ஒரே திட்டமாக்கியது. ஆப்பரேஷன் மொபிலைசேஷன் அமைப்பு புத்தகக் கப்பல்களை ஓட்டியது. அவற்றுள் 1914இல் கட்டப்பட்ட டூலோஸ் 2009 வரை பணியில் இருந்தது. இப்போது ஓடும் லோகோஸ் ஹோப்பில் பல நாட்டு இளைஞர்கள் சம்பளமின்றி வேலை செய்கிறார்கள். பிரசங்கிக்கலாம் என்ற கனவோடு ஏறுகிறவரின் பெரும்பகுதி நேரம் சமையலறையிலோ இயந்திர அறையிலோ கழியும்.

இன்றைய ஆயத்தம்

முதல் படி, வரவேற்கும் சபையின் எழுத்துமூலமான அழைப்பு. அழைப்பில்லாமல் போவது சுற்றுலா. அதை ஊழியம் என்று காணிக்கை கேட்பது முறையல்ல. அடுத்தது அனுப்பும் சபை. ஆயரோ போதகரோ பங்குத்தந்தையோ தரும் பரிந்துரை, செலவைத் தாங்குகிறவர்கள், வாரந்தோறும் கூடும் ஜெபக்குழு என்று ஊரில் ஓர் அணி வேண்டும். திரும்பியபின் அவர்களிடம் வரவுசெலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தார்க்குப் பாஸ்போர்ட் தருவது திருச்சி மண்டல அலுவலகம். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது காலம் மிச்சமிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு விமானங்கள் திருச்சியிலிருந்தே கிடைக்கும். கென்யா, உகாண்டா போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இது போடப்படுகிறது. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டால்தான் சான்று செல்லும். சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

பலர் வழுக்குவது சட்டத்தில். நேபாளத்துக்கு இந்தியர் விசா இல்லாமல் போகலாம். அதனாலேயே குழுக்கள் எளிதாகக் கிளம்பிவிடுகின்றன. ஆனால் அந்நாட்டின் 2015 அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. தண்டனைச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தண்டனை முடிந்த அயல்நாட்டவர் வெளியேற்றப்படுவார். மலேசியாவில் முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அங்குள்ள தமிழ்ச் சபைகள் இந்த எல்லைக்குள் நீண்டகாலமாக இயங்கத் தெரிந்தவை. அவர்கள் சொல்படி நடப்பதே உத்தமம். இந்தியாவும் வருகிறவர்களுக்குத் தனியாக மிஷனெரி விசா வைத்திருக்கிறது. 2021 முதல் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்பவரும் சமயப் பரப்புப் பணிக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். இங்கே நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கை அங்கே நாம் மீறுவதற்கு நியாயமில்லை.

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபை ஒன்றில் ஒரே ஒரு கூட்டத்தில் பேசப்போவதானாலும் சுற்றுலா அனுமதி போதாது. சமயச் சொற்பொழிவாளருக்கான தனி வேலை அனுமதியை அங்குள்ள சபைதான் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அது கைக்கு வரும்வரை விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.