குமாஸ்தாக்கள் கண்ட வானம்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் பண்டிதர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் சரக்கு இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழித்து வருகிறோம். எனினும் அலுவல் முடிந்து வீடு திரும்பியபின், மொட்டைமாடியில் ஓர் இரட்டைக்குழல் தூரதரிசினியுடன் அமர்ந்து நட்சத்திரங்களை நோக்குவது நம் வழக்கம். இதனை அறிந்த அலுவலக நண்பர் ஒருவர், "ஐயா, இதனால் இன்கிரிமெண்ட் ஏதும் உண்டா?" என்று வினவினார். அவர் விளையாட்டாகக் கேட்டாரேனும் அக்கேள்வி நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வயிற்றுக்கு ஒரு தொழிலும் உள்ளத்துக்கு ஒரு தொழிலுமாக வாழ்வோர் சாதித்தது என்ன? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்த இக் கல்கத்தா நகரமே விடை கூறும்.

2001 முதல் கொல்கத்தா என வழங்கும் இந்நகரில், பௌபஜார் வீதி 210-ஆம் இலக்கத்தில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் 1876-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர். பகலெல்லாம் நோயாளிகளின் நாடி பார்த்தவர், இந்தியர் தம் சொந்த முயற்சியால் விஞ்ஞானம் பயில ஓர் இடம் வேண்டுமென்று வீடுதோறும் பொருள் திரட்டினார். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. ஆயினும் ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. 1904-இல் அப்பெரியார் அக்குறையோடுதான் கண்மூடினார்.

மூன்றாண்டு கழித்து, 1907-இல், பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் நிதித் துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, உதவிக் கணக்காய்வாளராகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அவர்தாம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன். அலுவலகத்துக்குப் போகும் வழியில் அச்சங்கத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் சிப்பந்தி. ஆசு பாபு என்று எல்லோரும் அழைப்பர். அன்று திறந்த கதவு பின்னர் மூடவேயில்லை.

ராமனின் அன்றாட வாழ்க்கையை நோக்குமின். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்தின் ஆராய்ச்சிக்கூடம். பத்து மணிக்குச் சற்று முன்பு வீடு திரும்பி, நீராடி, உண்டு, அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மீண்டும் ஆராய்ச்சிக்கூடம். வீடு சேர இரவு ஒன்பதரை பத்து மணி. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்ததை நீக்கிப் பார்த்தால், 1917-இல் உத்தியோகத்தை உதறிப் பேராசிரியர் பதவி ஏற்கும் வரை இந்த ஒழுங்குதான். வங்கத்துப் பாடகர்கள் மீட்டும் ஒற்றைத் தந்தி 'ஏக்தாரா'வைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1909-இல் வெளிவந்தது. அப்போது அவர் அரசாங்கக் கணக்கதிகாரியேயன்றி வேறல்லர். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கண்ட ராமன் விளைவுக்கும், 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கும் வித்திட்டவை அக்காலை மாலைப் பொழுதுகளே.

ஆசு பாபுவை நாம் மறந்துவிடலாகாது. பல்கலைக்கழக வாயிலை மிதியாத அவர், ராமனுக்கு வலக்கை போல் உழைத்தார். அவர் தனித்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்று, ராமனின் முன்னுரையுடன், 1919-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அச்சேறிற்று. சிப்பந்தியின் பெயரை அந்த ஏட்டில் கண்டபோது, ராமனுக்குத் தம் பெயரைக் கண்டதைவிட மகிழ்ச்சி விளைந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றியது. ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்த அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் இந்திய வானநூற் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் டாம்கின்ஸ் என்பவரும் கணக்குத் துறையின் உயர் அதிகாரியே. ராமனும் அதில் உறுப்பினர். பகலில் பேரேட்டுக் கூட்டல் சரிபார்த்தவர்கள் இரவில் நட்சத்திரம் எண்ணினார்கள் என்றால் மிகையாகாது. அச்சங்கம் நெடுநாள் வாழவில்லை. ஆயினும் அதே வால்நட்சத்திரம் வங்கத்துக் கிராமப்புறத்தில் ஒரு குமாஸ்தாவின் வாழ்வை மாற்றியமைத்தது.

அவர் பெயர் ராதாகோவிந்த சந்திரர். 1878-இல் ஜசோர் மாவட்டத்தில், இன்று வங்காளதேசத்தில் உள்ள பாக்சர் என்னும் ஊரில் பிறந்தார். பிரவேசப் பரீட்சை மும்முறை எழுதினார்; மும்முறையும் தவறினார். பின்னர் ஜசோர் அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களை எண்ணி நல்லதும் கெட்டதும் பிரிக்கும் 'போத்தார்' வேலையில் அமர்ந்தார். பழந்தமிழ் நாட்டில் வண்ணக்கர் எனப்பட்டோர் செய்த தொழில் அதுவே. சிறுவயதில் பள்ளிப் பாடநூலில் அட்சயகுமார தத்தர் எழுதிய பிரபஞ்சத்தின் பரப்பைப் பற்றிய கட்டுரையைப் படித்த நாள்முதல் அவர் மனம் வானத்திலேயே இருந்தது. ஜசோரில் வழக்கறிஞராயிருந்த காளிநாத முகர்ஜி என்பார் நட்சத்திரப் படங்கள் வரைந்து வந்தார். அவருக்கு உதவியாயிருந்து விண்மீன்களை அடையாளங்காணக் கற்றார் நம் சந்திரர். வழக்கறிஞர் ஆசான், கருவூலக் குமாஸ்தா மாணாக்கர்!

1910-இல் சிறு இரட்டைக்குழல் கருவியால் வால்நட்சத்திரத்தை நோக்கி வங்காளி ஏட்டில் அவர் எழுதினார். சாந்திநிகேதனத்து ஆசிரியரும் விஞ்ஞான நூலாசிரியருமான ஜகதானந்த ராய் அதனைக் கண்டு, நல்ல தூரதரிசினி ஒன்று வாங்குமாறு தூண்டினார். 1912-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தூரதரிசினி ஜசோர் வந்து சேர்ந்தது. 1918-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கருட மண்டலத்தில் திடீரென ஒரு புதுநட்சத்திரம் ஒளிர்ந்தபோது, பிறர் சொல்லாமலே அதனைத் தாமே கண்டுகொண்டவர்களுள் இவரும் ஒருவர். இவர் எழுதிய செய்தி அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத் தலைவர் பிக்கரிங்குக்குச் சென்றது. அதன் பயனாக, மாறொளி விண்மீன் நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்தில் இவரும் சேர்ந்தார்.

மாறொளி விண்மீன் என்பது யாது? சில நட்சத்திரங்களின் ஒளி ஒரே அளவில் நில்லாது கூடியும் குறைந்தும் வரும். திமிங்கில மண்டலத்து 'மிரா'வைச் சான்றாகக் கூறலாம். ஏறக்குறைய 332 நாட்களுக்கொரு முறை அது வெறுங்கண்ணுக்குப் புலப்படும் அளவு ஒளிர்ந்து, பின்னர்த் தூரதரிசினியின்றிக் காணவொண்ணாதபடி மங்கிவிடும். நோக்குபவர் செய்ய வேண்டுவது இதுவே: ஒளியளவு முன்பே அறியப்பட்ட அண்டை நட்சத்திரங்கள் இரண்டைத் தெரிந்து, ஒன்றைவிட மங்கலா, மற்றதைவிடப் பிரகாசமா என ஒப்பிட்டு, இடைப்பட்ட அளவைப் பத்தில் ஒரு பங்கு நுட்பமாய் மதித்து, நாளும் நேரமும் குறித்துப் பதிவேட்டில் ஏற்றுவது. இத்தகைய நட்சத்திரங்கள் பல்லாயிரம். பெரிய வானாய்வகங்களுக்கு அவை அனைத்தையும் இரவுதோறும் காவல் காக்க நேரமேது? ஆகவேதான் பொழுதுபோக்காளரின் கண்கள் தேவைப்பட்டன; இன்றும் தேவைப்படுகின்றன.

நேரம் குறிப்பதும் அக்காலத்தில் எளிதன்று. ரயில்வே ஊழியராகிய நமக்கு இது நன்கு விளங்கும். 1906-இல் இந்திய நியம நேரம் வருமுன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. கல்கத்தா நகரமோ அதற்கு ஏறத்தாழ 32 நிமிடம் முன்னதாகத் தன் நேரத்தை வைத்திருந்தது. நியம நேரம் வந்த பின்னும் 1948 வரை நகரில் கல்கத்தா நேரம் வழங்கியது. இவற்றைக் கழித்துக் கூட்டி உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுத, கணக்குப் பழகிய குமாஸ்தாவைவிடத் தகுதியுடையார் யார்?

சந்திரர் 1954 வரை அச்சங்கத்துக்கு அனுப்பிய நோக்கீடுகள் 37,215. தொடங்கியது முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் என்று கொண்டால், சராசரியாக இரவுக்கு மூன்று. நான்கு மாதம் மழைமேகம் கவியும் வங்க நாட்டில், மறுநாள் காலை கருவூலத்தில் காசெண்ண வேண்டிய ஒருவர், ஆண்டு தவறாது இதனைச் செய்தார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு நாணமுண்டாகிறது. 1928-இல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு விருதளித்துப் பெருமைப்படுத்தியது.

இனி அவர் சேர்ந்த அச்சங்கத்தாரின் தொழில்களைக் காண்போம். 1911-இல் அதனைத் தோற்றுவித்த வில்லியம் டைலர் ஆல்காட் ஒரு வழக்கறிஞர். மற்றொரு முக்கிய உறுப்பினர் சார்லஸ் எல்மர், நியூயார்க்கில் நீதிமன்ற நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பவர். வான ஆர்வத்தால் இவருக்கு நண்பரான பெர்க்கின் என்பவர் முதலீட்டு வங்கித் தொழிலினர். இவ்விருவரும் 1937-இல் தொடங்கிய பெர்க்கின்-எல்மர் நிறுவனமே, 1990-இல் விண்ணில் ஏற்றப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் பெரிய ஆடியைப் பிற்காலத்தில் கடைந்து கொடுத்தது. சுருக்கெழுத்தாளரின் பொழுதுபோக்கு எவ்வளவு தூரம் சென்றது பாருங்கள்!

அந்த எல்மருக்கு உரியதாயிருந்த, ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தூரதரிசினியைச் சங்கத்தார் 1926-இல் கடல் கடந்து ஜசோருக்கு அனுப்பிவைத்தனர். தேசப் பிரிவினைக்குப் பின் சந்திரர் பிறந்த மண்ணை விட்டு, கல்கத்தாவை அடுத்த பாராசாத்தில் குடியேறினார். முதுமை வந்தபின் அக்கருவி வானநூல் அறிஞர் வைணு பாப்புவின் கைக்கு மாறி, இறுதியில் நம் தமிழகத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. நியூயார்க் சுருக்கெழுத்தாளர், ஜசோர் கருவூலக் குமாஸ்தா, காவலூர் என்று அக்கருவி சென்ற வழியை ஒரு ரயில் பயணமாகவே நாம் காண்கிறோம். சந்திரர் 1975-இல் பாராசாத்தில் காலமானார்.

இது வங்கத்துக்கு மட்டும் உரிய சிறப்பன்று. 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்த வி. ராமசுவாமி ஐயர் டெபுடி கலெக்டர். 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாய் அமர்ந்த ராமானுஜனை அறியாதார் யார்? அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணித ஆர்வலரே. அலுவல் முடிந்தபின் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு இரவில் கணக்கில் ஆழ்ந்திருப்பர்.

இவர்களெல்லாம் அலுவலை அலட்சியம் செய்தவர்களா? இல்லை. ராமனைத் துறையினர் திறமைமிக்க அதிகாரியாகவே மதித்தனர். அலுவலகம் கற்பித்த ஒழுங்கையே இவர்கள் ஆர்வத்துக்கும் பயன்படுத்தினர். காலந்தவறாமை, பதிவேடு, உள்ளதை உள்ளபடி எழுதல் ஆகியவை குமாஸ்தாவின் குணங்கள். விஞ்ஞானத்தின் குணங்களும் அவையே.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், உத்தியோகத்தில் இருந்த நாளிலும் ஓய்வு பெற்ற பின்னும், தம் மாடியில் ஒரு மழைமானி வைத்து, கல்கத்தாவில் பெய்த மழையையும், குளக்கரைக்கு வரும் பறவைகளையும் நாள்தோறும் குறித்துவந்தார். "ஒருநாள் வந்து பாருமேன், தம்பி" என்று நம்மைப் பலமுறை அழைத்தார். "அடுத்த ஞாயிறு வருகிறோம், மாமா" என்று நாமும் பலமுறை கூறினோம். அந்த ஞாயிறு வரவேயில்லை. அவர் மறைந்த செய்தி கேட்டுச் சென்று, சில வாரங்கழித்து அந்நோட்டுகளைப் பற்றி வினவினோம். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டன என்றார்கள். அவர்கள் மீது பிழையில்லை. அவற்றின் மதிப்பை எடுத்துச் சொல்லவேண்டிய நாம் சொல்லவில்லை.

ராதாகோவிந்த சந்திரரின் நோக்கீடுகள் தப்பிப் பிழைத்தன. நாடு இரண்டாகி, அவர் வீடுவாசல் துறந்து வந்தபோதும் அவை அழியவில்லை. காரணம் யாது? எழுதியதை வீட்டுப் பெட்டியில் பூட்டாது, தம்மையொத்த ஆர்வலர் கூட்டத்துக்குத் தவறாது அனுப்பிவந்தமையே. தனியொருவர் ஆர்வம் அவரோடு போகும். சங்கத்தில் சேர்த்த ஆர்வம் நிலைபெறும்.

ஆதலின் சங்கத்தாருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம்முள் தபால்தலை சேர்ப்போர் உளர். பழங்காசு தேடுவோர் உளர். கச்சேரிக் குறிப்பு எழுதுவோர், சமையல் வகை தொகுக்கும் மாதர் உளர். அவர்தம் நோட்டுகளுக்கென நம் நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குக. பெயரும் ஆண்டும் குறித்து அவற்றைக் காத்து வைப்போம். அவ்வேலைக்கு வேண்டிய பதிவேட்டை நாமே எழுதித் தருவோம். அதுதான் நமக்குத் தெரிந்த தொழில்.

இன்கிரிமெண்ட் உண்டா என்று வினவிய நண்பருக்கு விடை: இல்லை, ஐயா. ஆனால் பௌபஜார் வழியாகச் செல்லும்போது, இன்று கல்லூரி நடைபெறும் அந்த 210-ஆம் இலக்கத்தைச் சற்றே நின்று பாரும். அலுவலகம் செல்லும் வழியில் ஒரு தமிழர் அங்கேதான் கதவைத் தட்டினார்.